இணைய ஃபோன் வாங்குமுன்: எந்தப் போர்ட்டைத் திறக்கச் சொல்கிறார்கள்?

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் நண்பர் ஒருவர் போன மாதம் மூன்று விலைப்பட்டியல்களைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அவருக்கு அலுவலகம் அவிநாசி சாலையில், தையல் யூனிட் பெருமாநல்லூர் பக்கம். இரண்டு இடத்திலும் சேர்த்து 22 மேசை ஃபோன்கள். அழைப்புகளை மேசைக்கு மேசை மாற்றிவிடும் பழைய இபிஏபிஎக்ஸ் பெட்டி அடிக்கடி பழுதாகிறது, உதிரிபாகமும் கிடைப்பதில்லை. இணைய ஃபோனுக்கு மாறிவிடலாம் என்று முடிவுசெய்துவிட்டார். "ஏனுங்க, இந்த மூணுல எதை வாங்கறதுன்னு மட்டும் சொல்லிப்போடுங்க" என்றார்.

மூன்றிலும் மாத வாடகை இருந்தது, குரல் எவ்வளவு தெளிவு என்ற பெருமை இருந்தது, ஃபோன் படம் இருந்தது. எந்தெந்த நெட்வொர்க் போர்ட்டுகள், அதாவது தகவல் வந்துபோகும் வாசல் எண்கள், தேவைப்படும் என்று ஒன்றில்கூட ஒரு வரி இல்லை. பதினைந்து வருடமாகச் சிறு அலுவலகங்களின் நெட்வொர்க்குகளைப் பார்த்துவருகிறேன். மணி அடிக்கிறது, எடுத்தால் சத்தமே இல்லை. நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் பேசுவது நமக்குக் கேட்கவில்லை. பேசத் தொடங்கி அரை நிமிடத்தில் கட்டாகிறது. இப்படி என்னிடம் வந்த புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் போர்ட்டுகளில்தான் இருந்தது. குரலைச் சுருக்கி அனுப்பும் கோடெக் விஷயத்தில் இன்று நிறுவனத்துக்கு நிறுவனம் பெரிய வித்தியாசம் இல்லை. அந்தக் குரல் எந்த வாசல் வழியாக நம் அலுவலகத்துக்குள் வருகிறது என்பதில்தான் வித்தியாசம். அதனால் விலையை ஒதுக்கிவைத்துவிட்டு, வாசலை மட்டும் வைத்து ஒவ்வொரு வழியையும் அவரோடு உட்கார்ந்து பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வளவும் தலைவாசலும்

இணையத்தில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண் ஐபி முகவரி. ஒரு ஐபி முகவரிக்குள் 0 முதல் 65535 வரை போர்ட் எண்கள் உண்டு. வந்து சேரும் பாக்கெட் (தகவலின் ஒரு சிறு துண்டு) எந்த மென்பொருளுக்கு என்று சொல்வது அந்த எண்தான். அலுவலகத்தில் கணினி, ஃபோன், கேமரா என்று நாற்பது கருவிகள் இருந்தாலும், வெளியே தெரியும் முகவரி பெரும்பாலும் ஒன்றே ஒன்று. பல வீடுகள் இருந்தும் ஒரே தலைவாசல் உள்ள வளவு மாதிரி. அந்த வாசலில் உட்கார்ந்திருப்பவர் ரவுட்டர். உள்ளேயிருந்து ஒருவர் வெளியே போனால், எந்த வீட்டுக்காரர், யாரைப் பார்க்கப் போகிறார் என்று ஒரு பலகையில் குறித்துக்கொள்வார். பதில் வரும்போது பலகையைப் பார்த்து அந்த வீட்டுக்கு அனுப்பிவைப்பார். பலகையில் இல்லாத ஆள் வெளியிலிருந்து வந்து நின்றால் உள்ளே விடமாட்டார். நாட் என்று சொல்வது இதைத்தான்.

இணையப் பக்கம் பார்ப்பவருக்கு இது ஒரு தடையே இல்லை, எப்போதும் அவர்தான் முதலில் கேட்கிறார். ஃபோன் அப்படியா? யாரோ ஒருவர் வெளியிலிருந்து நம்மைக் கூப்பிட வேண்டும். அவர் பெயர் பலகையில் இருக்காது. இணைய ஃபோன் மென்பொருள்கள் இருபது வருடத்துக்கும் மேலாகச் செய்துவந்த உத்திகள் எல்லாம் இந்த ஒரு சிக்கலைத் தாண்டத்தான்.

பலகைக் குறிப்பு அழிந்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். குரல் பெரும்பாலும் யுடிபி என்ற வகையில் போகிறது; தொலைந்த பாக்கெட்டை அது திரும்பக் கேட்காது. அந்த யுடிபி போக்குவரத்துக்கு, பதில் வராத குறிப்பை, பல ரவுட்டர்களுக்குள் ஓடும் லினக்ஸ் 30 நொடி மட்டுமே வைத்திருக்கும். குறைந்தது இரண்டு நிமிடமாவது வைத்திருக்க வேண்டும் என்று 2007இல் வந்த ஆர்எஃப்சி 4787 என்ற இணைய விதி ஆவணம் சொல்கிறது. வீட்டுக்கு வாங்கும் ரவுட்டர்கள் பல அதைக் கடைப்பிடிப்பதில்லை.

அப்புறம், ஒவ்வொரு அழைப்பிலும் இரண்டு வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. யார் யாரைக் கூப்பிடுகிறார், மணி அடித்ததா, எடுத்தாரா, வைத்தாரா என்ற செய்திப் பரிமாற்றம் ஒன்று. இதைச் சமிக்ஞை என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று குரல். பழைய ஜி.711 கோடெக்கில் 20 மில்லிநொடிக்கு ஒரு பாக்கெட், அதாவது நொடிக்கு 50. ஒவ்வொன்றிலும் குரல் 160 பைட், அதன்மேல் ஐபி, யுடிபி, குரலைச் சுமக்கும் ஆர்டிபி ஆகியவற்றின் தலைப்புகள் 40 பைட். கணக்குப் போட்டால் ஒரு திசைக்கு நொடிக்கு 80 கிலோபிட். இன்றைய ஃபைபர் இணைப்புக்கு இது தூசு. "நெட் ஸ்பீடு பத்தலை, பெரிய பிளானுக்கு மாறுங்க" என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

முதல் வழி: சொந்த சர்வர்

நண்பரின் முதல் பட்டியல் இது. ஆஸ்டரிஸ்க் என்ற இலவச மென்பொருளை ஒரு சிறு கணினியில் போட்டு அலுவலகத்திலேயே வைத்துவிடுவது. மார்க் ஸ்பென்சர் 1999இல் தொடங்கியது, இன்றும் உலகம் முழுக்க ஓடுகிறது. நானும் பல இடங்களில் போட்டிருக்கிறேன், மனதுக்குப் பிடித்த மென்பொருள். ஆனால் வாசல் கணக்கில் இதுதான் அதிகம் கேட்கும்.

சமிக்ஞைக்கு சிப் என்ற நெறிமுறை. 2002இல் வந்த ஆர்எஃப்சி 3261தான் இன்றுவரை அதற்கு அடிப்படை. அதன் போர்ட் 5060. மறைகுறியாக்கம் சேர்த்தால் 5061. குரலுக்கு இது போதாது. ஒவ்வொரு அழைப்புக்கும் இரட்டைப்படை எண்ணில் ஒரு போர்ட்டில் குரல், அடுத்த ஒற்றைப்படை எண்ணில் அந்தக் குரலின் தரத்தைப் பற்றிய அறிக்கை என்பது பழைய வழக்கம். ஆஸ்டரிஸ்கின் மாதிரி அமைப்புக் கோப்பில் குரலுக்கு 10000 முதல் 20000 வரை போட்டிருக்கும். அதை அப்படியே ரவுட்டரில் திறந்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 22 ஃபோன் உள்ள இடத்துக்கு எதற்குப் பத்தாயிரம் போர்ட்? ஒரே நேரத்தில் 20 பேர் பேசினால்கூட, சர்வர் நடுவில் நின்று இரண்டு பக்கமும் குரலை வாங்கிக் கொடுக்க அழைப்புக்கு நான்கு போர்ட்; மொத்தம் 80. எண்ணிக்கை கூடினாலும் 200 தாராளம். 2017இல் ஆர்டிபிபிளீட் என்ற ஓட்டை வெளியானது. திறந்திருக்கும் அந்தக் குரல் போர்ட்டுகளுக்கு யாரோ ஒருவர் வெளியிலிருந்து பாக்கெட்டுகளை அனுப்பினால், நடந்துகொண்டிருக்கும் உரையாடலின் குரல் அவருக்குத் திரும்பிப் போகும் நிலை இருந்தது. அது அடைக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் தேவையில்லாத வாசலைத் திறந்துவைக்க ஒரு காரணமும் இல்லை.

இப்போது ஒருபக்கக் குரல் ஏன் வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் மனிதர்கள் நாள்கணக்கில் அல்லாடுகிறார்கள். சிப் அனுப்பும் செய்தி ஒரு கடிதம் மாதிரி. "எனக்குக் குரலை இந்த முகவரிக்கு, இந்தப் போர்ட்டுக்கு அனுப்பு" என்று கடிதத்துக்கு உள்ளே எழுதியிருக்கும். ஃபோனுக்குத் தெரிந்த முகவரி 192.168.1.20 போன்ற உள்முகவரிதான், அதையே எழுதிவிடும். வாசலில் உள்ள ரவுட்டர் உறையின் மேல் உள்ள முகவரியை மாற்றும், கடிதத்தைப் பிரிக்காது. மறுபக்கம் கடிதத்தைப் படித்து 192.168.1.20க்குக் குரலை அனுப்பப் பார்க்கும். அந்த முகவரி இணையத்தில் எங்குமே இல்லை. நம் குரல் அவர்களுக்குப் போய்ச் சேரும். அவர்கள் குரல் நமக்கு வராது. மணி அடிப்பதும் எடுப்பதும் மட்டும் ஒழுங்காக நடக்கும், ஏனென்றால் அது வேறு வழி.

இதைச் சரிசெய்கிறேன் என்று பல ரவுட்டர்களில் சிப் ஏஎல்ஜி என்ற ஒரு வசதி இருக்கிறது. அது கடிதத்தைப் பிரித்து உள்ளே உள்ள முகவரியைத் திருத்தும். நல்ல எண்ணத்தில் வைத்ததுதான். ஆனால் பெரும்பாலான ரவுட்டர்களில் அது அரைகுறையாகத் திருத்தி, இருந்ததையும் கெடுக்கிறது. கோவையில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் இரண்டு நாள் தேடினேன். சர்வரை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், கடைசியில் ரவுட்டரின் ஒரு மூலையில் இருந்த அந்த டிக்கை எடுத்தவுடன் குரல் வந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கே போனாலும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

5060 பற்றியும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அதை உலகத்துக்கே திறந்துவிட்டால், ஒரு நாளைக்குள் யாராவது தட்டிப் பார்ப்பார்கள். பதிவேட்டைத் திறந்தால் "ஃப்ரெண்ட்லி ஸ்கேனர்" என்ற பெயரில் வரிசையாகக் கோரிக்கைகள் இருக்கும். சிப்விஷியஸ் என்ற கருவி தன்னை அப்படித்தான் அறிமுகப்படுத்திக்கொள்ளும். 100, 101, 102 என்று எக்ஸ்டென்ஷன் எண்களை முயன்று, எளிய கடவுச்சொல் கிடைத்தால், இரவோடு இரவாக வெளிநாட்டு எண்களுக்கு நம் கணக்கில் அழைப்புப் போகும். காலையில் அலுவலகம் திறக்கும்போது மிச்சம் இருப்பது பில் மட்டும்தான். சிறு முதலாளிகள் இதில் நஷ்டப்படுவதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. 5060ஐ, தொலைபேசி எண் கொடுக்கும் நிறுவனத்தின் சர்வர் முகவரிகளுக்கு மட்டும் திறந்தால் இது நடக்காது.

கிளை அலுவலகம் எப்படிச் சேரும்? அதற்கு 5060ஐ நீட்டித் திறக்க வேண்டாம். வயர்கார்ட் என்ற விபிஎன் மென்பொருளைப் போட்டு இரண்டு இடத்தையும் ஒரே நெட்வொர்க் ஆக்கிவிடலாம். அது கேட்பது ஒரே ஒரு யுடிபி போர்ட், வழக்கமாக 51820. சாவி இல்லாதவர் தட்டினால் அது பதிலே சொல்லாது, அங்கே ஒரு வாசல் இருப்பதுகூட வெளியே தெரியாது. அதற்குள்ளே சிப்பும் குரலும் எத்தனை போர்ட்டில் வேண்டுமானாலும் ஓடட்டும். முன்பு இதற்கு ஐஏஎக்ஸ்2 என்ற நெறிமுறையைப் பயன்படுத்தினோம். சமிக்ஞையும் குரலும் 4569 என்ற ஒரே போர்ட்டில் போய்விடும். அழகான யோசனை அது. இரண்டு ஆஸ்டரிஸ்க் சர்வர்களை இணைக்க இன்றும் பயன்படும், ஆனால் அதைப் புரிந்துகொள்ளும் மேசை ஃபோன்கள் சந்தையில் அநேகமாக இல்லை.

சொந்த சர்வருக்கு இன்னொரு தடை, அது பணம் கட்டிய பிறகுதான் தெரியவரும். வெளியிலிருந்து வந்து சேர உங்களுக்கு ஒரு பொது ஐபி முகவரி வேண்டும். ஐபிவி4 முகவரிகள் தீர்ந்துவிட்டதால், இணைப்புக் கொடுக்கும் நிறுவனங்கள் பல, நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. வளவுக்கு வெளியே இன்னொரு பெரிய வளவு. இதற்கு சிஜிநாட் என்று பெயர். ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து வெளிப்புற முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்ணாக இருந்தால் நீங்கள் அதற்குள்தான் இருக்கிறீர்கள். 10 அல்லது 192.168 என்று தொடங்கினாலும் அதே கதைதான். உங்கள் ரவுட்டரில் என்ன போர்ட்டைத் திறந்தாலும் பயன் இல்லை, வெளி வாசல் உங்கள் கையில் இல்லை. நிலையான ஐபி தனியாகக் கேட்டு, அதற்குத் தனியாகக் கட்ட வேண்டும்.

இரண்டாம் வழி: சர்வர் அவர்களிடம், ஃபோன் மட்டும் நம்மிடம்

நண்பரின் மீதி இரண்டு பட்டியல்களும் இந்த வகை. சிப் சர்வர் சேவை நிறுவனத்தின் டேட்டா சென்டரில் இருக்கும். நம் மேசையில் உள்ள ஃபோன், தானே வெளியே போய் அந்த சர்வரில் பதிவு செய்துகொள்ளும். உள்ளேயிருந்து போகிறவர் என்பதால் பலகையில் குறிப்பு விழும். அழைப்பு வரும்போது சர்வர் அதே குறிப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரும். குரலுக்கும் அப்படியே. ஃபோன் முதல் குரல் பாக்கெட்டை அனுப்பியவுடன், அது எந்த முகவரி, எந்தப் போர்ட்டிலிருந்து வந்தது என்று பார்த்து, கடிதத்தில் எழுதியதைக் கண்டுகொள்ளாமல் சர்வர் அங்கேயே திருப்பி அனுப்பும்.

ஆக, உள்நோக்கித் திறக்க வேண்டிய போர்ட் ஒன்றுகூட இல்லை. நிலையான ஐபி வேண்டாம். சிஜிநாட் இருந்தாலும் ஓடும். இதுதான் இந்த வழியின் பெரிய பலம், சேவை விற்கிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை என்பது எனக்கு ஆச்சரியம்.

பலகைக் குறிப்பு அழிந்துபோகும் என்று சொன்னேனே, அது இங்கே குறுக்கே வரும். மதியம் ஒரு மணி நேரம் யாரும் பேசாமல் இருந்தால், ரவுட்டர் மறந்துவிடும். அப்புறம் வெளியிலிருந்து கூப்பிடுபவருக்கு "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்று வரும். உங்கள் ஃபோனில் மணியே அடிக்காது. ஆனால் நீங்கள் வெளியே கூப்பிட்டால் போகும், கூப்பிட்ட பிறகு கொஞ்ச நேரம் உள்வரும் அழைப்பும் வரும். இந்த அடையாளம் தெரிந்தால் ஐந்து நிமிட வேலை: ஃபோனின் அமைப்பில், சும்மா இருக்கும்போதும் அவ்வப்போது ஒரு பாக்கெட் அனுப்பச் சொல்லும் கீப் அலைவ் என்பதை 20 அல்லது 25 நொடிக்கு வைத்தால் போதும். தெரியாவிட்டால் மாதக்கணக்கில் வாடிக்கையாளர்களை இழந்துகொண்டிருப்பீர்கள், ஏனென்றால் வராத அழைப்பு கணக்கில் வராது.

இந்த நிறுவனங்களிடம் கேட்க வேண்டியது: உங்கள் சர்வர்களின் ஐபி முகவரிகள் எவை, சமிக்ஞைக்கு எந்தப் போர்ட், குரலுக்கு எந்த வரம்பு. எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். மூன்றையும் ஒரே நாளில் அனுப்பிவைப்பவர், பின்னால் பழுது வந்தாலும் பேசத் தெரிந்தவராக இருப்பார். நண்பர் கேட்டபோது ஒருவர் ஒரு பக்கப் பட்டியல் அனுப்பினார். இன்னொருவர் "ஃபயர்வாலை ஆஃப் பண்ணிடுங்க சார், ஓடும்" என்று பதில் சொன்னார். வேண்டாதவரை வாசலில் தடுக்கும் காவலையே அணைக்கச் சொன்னதோடு அந்தப் பட்டியலை மடித்துவைத்துவிட்டோம்.

ஸ்கைப் விட்டுச்சென்றது

வாசல் கேட்காமலே நுழையும் மென்பொருள் இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். அப்படி ஒன்று இருந்தது. 2003 ஆகஸ்டில் வந்த ஸ்கைப், நிறுவும்போது 1024க்கு மேல் ஏதோ ஒரு போர்ட்டைத் தானே தேர்ந்துகொள்ளும். அது அடைபட்டிருந்தால் 80, 443 என்று இணையப் பக்கங்களுக்கான போர்ட்டுகளில் புகுந்துகொள்ளும். நாட் காரணமாக இரண்டு பேர் நேரடியாகச் சேர முடியாவிட்டால், பொது முகவரியும் நல்ல வேகமும் உள்ள மூன்றாமவர் கணினி வழியாக அழைப்பைக் கடத்திவிடும். அந்தக் கணினிக்காரருக்கே தெரியாது. அமைப்பு எதுவும் தெரியாத அம்மாக்களும் அப்பாக்களும் வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளோடு பேச முடிந்ததற்கு இந்த உத்திதான் காரணம், அதை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

நெட்வொர்க் பார்ப்பவர்களுக்கு அது பெரும் தலைவலி. 80ஐ ஸ்கைப் பிடித்துக்கொண்டதால் அதே போர்ட்டைக் கேட்கும் அப்பாச்சி வெப் சர்வர் ஏன் எழவில்லை என்று புரியாமல் உட்கார்ந்திருந்த மாணவர்கள் எத்தனை பேர்! எந்தப் போர்ட் என்று சொல்ல முடியாததால், தடுக்கவும் முடியாது, முன்னுரிமை கொடுக்கவும் முடியாது. 2007 ஆகஸ்டில் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு ஏராளமான கணினிகள் ஒரே நேரத்தில் அணைந்து எழுந்தபோது, அடுத்தவர் கணினிகளை நம்பி நின்ற அந்த அமைப்பு சுமார் இரண்டு நாள் விழுந்துகிடந்தது. பின்னால் அந்தக் கடத்தும் வேலையை மைக்ரோசாஃப்ட் தன் சர்வர்களுக்கே மாற்றிக்கொண்டது. 2025 மே 5 அன்று ஸ்கைப் மூடப்பட்டுவிட்டது.

ஒளிந்து நுழைவதற்குப் பதிலாக, வெளிப்படையான விதிகளோடு அதே வேலையைச் செய்வது எப்படி என்பதற்கான பதில்தான் அடுத்த வழி.

மூன்றாம் வழி: பிரவுசர் வழியே

இன்று பிரவுசரில் நடக்கும் குரல், காணொளி அழைப்புகளுக்கு அடிப்படை வெப்ஆர்டிசி. 2011இல் கூகுள் திறந்துவிட்டது. 2021 ஜனவரியில் டபிள்யூ3சி என்ற இணையத் தரநிலை அமைப்பின் முழுத் தரநிலை ஆனது. நாட் என்ற அந்த வாசல் தடையை இது தாண்டும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். முதலில் கணினி தன் உள்முகவரியை எடுத்துவைத்துக்கொள்ளும். பிறகு வெளியே உள்ள ஸ்டன் சர்வரிடம் 3478 என்ற போர்ட்டில் போய், "நான் உனக்கு எந்த முகவரியாகத் தெரிகிறேன்?" என்று கேட்கும். பதிலாக வருவது தன் தலைவாசல் முகவரி. மூன்றாவதாக டர்ன் என்ற சர்வரிடம், "நேரடியாக முடியாவிட்டால் நீ நடுவில் நின்று கடத்திக்கொடு" என்று ஒரு இடம் பிடித்துவைக்கும். இரண்டு பக்கமும் இந்த முகவரிகளைப் பரிமாறிக்கொண்டு, ஒவ்வொரு ஜோடியாக முயன்று, கிடைத்ததில் நல்ல வழியில் பேசத் தொடங்கும். இதற்கு ஐஸ் என்று பெயர்.

குரல், காணொளி, தர அறிக்கை எல்லாவற்றையும் ஒரே போர்ட்டில் கட்டிவிடவும் வெப்ஆர்டிசிக்குத் தெரியும். சிப் சர்வருக்கு நாம் போட்ட 80 போர்ட், 200 போர்ட் என்ற கணக்கெல்லாம் இங்கே ஒன்றாகிவிடுகிறது. ஜிட்சி மீட் என்ற இலவச மென்பொருளைச் சொந்தமாக நடத்தினால், சர்வர் பக்கம் தேவைப்படுவது முக்கியமாக டிசிபி (தொலைந்த பாக்கெட்டைத் திரும்ப வாங்கும் வகை) 443, யுடிபி 10000. டர்ன் வைத்தால் 3478, 5349 கூடும். அதை அலுவலகத்தில் வைக்காமல், பொது ஐபி உள்ள வாடகை சர்வரில் வைத்துவிட்டால் அலுவலகத்தில் திறக்க எதுவும் இல்லை. சட்ட உதவி மையம், மனநல ஆலோசனை மையம் போல, யார் யாரோடு பேசினார் என்ற தகவல்கூட மூன்றாவது நிறுவனத்திடம் இருக்கக் கூடாத இடங்களுக்கு இதைத்தான் சொல்வேன். சர்வர் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள். குரல் ஒரு திசையில் போய்ச்சேர 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்பது ஐடியு என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பின் பரிந்துரை. இரண்டு பேரும் தமிழ்நாட்டில் இருக்க, குரல் மட்டும் அமெரிக்கா போய்த் திரும்பினால் அந்தக் கணக்கு இடிக்கும்.

ஜூம், டீம்ஸ், மீட் மூன்றும் உள்நோக்கி எதுவும் கேட்பதில்லை. வெளிநோக்கித்தான். டீம்ஸுக்கு யுடிபி 3478 முதல் 3481 வரை. ஜூமுக்கு யுடிபி 8801 முதல் 8810 வரை, கூடவே 3478, 3479. மீட்டுக்கு யுடிபி 3478, 19302 முதல் 19309 வரை. மூன்றுக்கும் டிசிபி 443 பொது. இந்த எண்களை நிறுவனங்களே தம் உதவிப் பக்கங்களில் வெளிப்படையாக எழுதிவைத்திருக்கின்றன. ஸ்கைப் காலத்தில் இது இல்லை.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். யுடிபி அடைபட்டிருந்தால் இந்த மென்பொருள்கள் சண்டை போடாது. சத்தமில்லாமல் டிசிபி 443க்கு மாறி, அழைப்பை நடத்தும். "எங்க ஆபீஸ்ல 443 மட்டும்தான் திறந்திருக்கு, ஜூம் நல்லாத்தானே ஓடுது" என்பார்கள். ஓடும். ஆனால் டிசிபி எந்தப் பாக்கெட்டையும் விட்டுக்கொடுக்காது. ஒன்று தொலைந்தால் அதைத் திரும்ப வாங்கும்வரை பின்னால் வந்ததையெல்லாம் நிறுத்திவைக்கும். குரலில் 20 மில்லிநொடி தொலைந்தால் காதுக்குத் தெரியாது; அதற்காக அரை நொடி எல்லாம் நின்றால் தெரியும். பேச்சு நின்று, அப்புறம் ஒரே மூச்சாகக் கொட்டும். ஒரு கல்லூரியில் இணைய வகுப்புகள் இப்படித்தான் திக்கிக்கொண்டிருந்தன. இணைப்பை இரண்டு மடங்காக்கினார்கள், மாறவில்லை. ஆசிரியர்களும் மாணவர்களும் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஃபயர்வாலில் வெளிநோக்கி அந்த யுடிபி எண்களைத் திறந்த அன்றே வகுப்பு சீரானது. வெளிநோக்கித் திறப்பது உள்நோக்கித் திறப்பதைப் போல ஆபத்தானது அல்ல. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பயந்து அடைத்துவைப்பதில்தான் இவ்வளவு பேர் அவதிப்படுகிறார்கள்.

வாட்ஸ்அப்பே போதாதா என்று கேட்பவர்களுக்கு: இரண்டு மூன்று பேர் உள்ள கடைக்குப் போதும், போர்ட் கவலையும் இல்லை. இருவர் மட்டும் பேசும் அழைப்பு முடிந்தவரை நேரடியாகப் போகும் என்பதால் உங்கள் ஐபி முகவரி எதிராளிக்குத் தெரியவரலாம். அதை மறைக்க, அழைப்பை வாட்ஸ்அப்பின் சர்வர் வழியே அனுப்பும் அமைப்பு 2023 முதல் இருக்கிறது. ஆனால் ஒரு எண்ணுக்கு வரும் அழைப்பை வரவேற்பில் எடுத்து, கணக்குப் பிரிவுக்கு மாற்றி, அங்கே ஆள் இல்லாவிட்டால் யூனிட்டுக்கு அனுப்பும் வேலைக்கு அது சரிவராது.

நண்பருக்குச் சொன்னது

அவருக்குத் தேவை மேசை ஃபோன், ஒரு பொது எண், இரண்டு இடத்துக்கும் இடையே உள்அழைப்பு. நெட்வொர்க்கைப் பார்க்க முழுநேர ஆள் இல்லை. பெருமாநல்லூர் யூனிட்டில் உள்ள இணைப்பு சிஜிநாட்டுக்குப் பின்னால் இருந்தது. அதனால் இரண்டாம் வழி, போர்ட் பட்டியல் அனுப்பிய நிறுவனம். ஆள் இருந்து, அழைப்புகளைத் தன் விருப்பப்படி வடிவமைக்க வேண்டும் என்ற ஆசையும் இருந்திருந்தால் ஆஸ்டரிஸ்க்கும் வயர்கார்டும் என்று தயங்காமல் சொல்லியிருப்பேன். அதில் கிடைக்கும் சுதந்திரம் வாடகைச் சேவையில் கிடைக்காது. வெளிநாட்டு வாங்குபவர்களோடு நடக்கும் காணொளிக் கூட்டங்களுக்கு அவர்கள் எதைக் கேட்கிறார்களோ அது. ஃபயர்வாலில் ஜூம், டீம்ஸ், மீட் மூன்றின் யுடிபி எண்களையும் வெளிநோக்கித் திறந்துவைத்தோம்.

பணம் முழுதும் கட்டுமுன் ஒரு வாரச் சோதனைக்கு இரண்டு ஃபோன் மட்டும் வாங்கி, இரண்டு இடத்திலும் ஒவ்வொன்று வைக்கச் சொன்னேன். ரவுட்டரில் சிப் ஏஎல்ஜியை எடுத்தாயிற்று. அப்புறம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சோதித்தோம். எடுத்த அழைப்பு 32 நொடியில் தானாகக் கட்டானால், எடுத்ததற்கான ஒப்புகை எதிர்ப்பக்கம் போய்ச் சேரவில்லை என்று பொருள். சிப் அந்த ஒப்புகைக்காக அவ்வளவு நேரம்தான் காத்திருக்கும். 15 நிமிடத்தில் அல்லது அரைமணியில் கட்டானால், அழைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று இடையில் கேட்கும் செய்தி எங்கோ தடுபடுகிறது. அதனால் ஒரு அழைப்பையாவது நாற்பது நிமிடம் வைத்திருக்க வேண்டும். ஃபோனைச் சும்மா ஒரு மணி நேரம் விட்டுவிட்டு, வெளியே ஒரு மொபைலிலிருந்து கூப்பிட்டும் பார்க்க வேண்டும்.

முதல் இரண்டும் முதல் நாளே தேறிவிட்டன. மூன்றாவதில் யூனிட் ஃபோன் அடிக்கவில்லை. கீப் அலைவ் 60 நொடியில் இருந்தது, 25க்குக் குறைத்தோம். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்து, தையல் இயந்திரங்கள் மறுபடி ஓடத் தொடங்கிய சத்தத்துக்கு நடுவே நண்பர் மொபைலில் கூப்பிட்டார். மேசை ஃபோன் அடித்தது. மீதி இருபதுக்கும் அன்று சாயங்காலமே ஆர்டர் கொடுத்துவிட்டார்.